முப்பத்தோராம் நாளுக்கு மண்டபம்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அதை நான் முறைப்படி செய்தவள். எங்கள் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் சனசமூக நிலையத்தின் மண்டபம். ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கு அங்கே கட்டிய ஒலிபெருக்கியில் எங்கள் யன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு நானே நேரில் போய்க் கத்தினேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, மேசையில் கிடந்த மண்டபப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையை என் பக்கம் தள்ளினார். திறப்பு என்னிடம் இருந்தால் சத்தம் கூடும்போது நானே போய் நிறுத்தலாமாம். வேறு ஆள் கிடைக்கும்வரை, மூன்று மாதத்துக்கு மட்டும் என்றார். அப்போது என் மகளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. இப்போது அவள் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். திறப்பு இன்னும் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது.

திறப்போடு போயிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் மண்டபத்துச் சுவரில் நீல மையில் என் போன் நம்பர், ஆள் உயர எழுத்தில். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் குளிக்கும்போதும் மண்டபம், சமைக்கும்போதும் மண்டபம். கனடாவில் பகல் என்றால் இங்கே எனக்கு நித்திரை என்பது கனடாவில் இருக்கிறவர்களுக்கு மறந்துபோய்விடும்.

நான் மயிலிட்டிக்காரி. வேதக்காரி, மாதா கோயில்காரி. பிள்ளைப் பருவத்தில் இடம்பெயர்ந்து வந்து கோப்பாயில் ஒதுங்கி, இங்கேயே ஒரு சைவக்காரரைக் கலியாணம் முடித்தவள். இராணுவம் பிடித்துவைத்திருந்த எங்கள் ஊரைத் திருப்பிக் கொடுத்ததும் என் தம்பிமார் போய் வீடு கட்டி, வள்ளமும் இறக்கிவிட்டார்கள். வா, வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போ என்று ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் சனி ஞாயிறில் மண்டபம் சும்மா கிடந்ததில்லை. ஞாயிற்றுப் பூசைக்கே பாதிநேரம் போக முடிவதில்லை. போனாலும் நற்கருணை எடுக்க எழும்பும்போது கைப்பைக்குள் போன் நடுங்கும்.

விடவும் பார்த்தேன். இரண்டு தரம் திறப்பைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். இரண்டு தரமும் அது என்னோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஊரில் கிழக்குத் தெருவுக்கும் மேற்குத் தெருவுக்கும் கோயில் திருவிழாவில் தொடங்கிய மனத்தாங்கல் இருக்கிறது. இவர்களில் ஒருவர் திறப்பை வைத்திருந்தால் மற்றத் தெருக்காரர் மண்டபத்தையே எட்டிப் பார்க்க மாட்டார்கள். நான் இரண்டு தெருவுக்கும் இல்லாதவள், வெளியிலிருந்து வந்தவள் என்பதுதான் என் தகுதி. இத்தனை வருடம் இங்கே வாழ்ந்து பிள்ளையும் பெற்ற ஒருத்திக்கு அது பெரிய மரியாதைதான்.

மண்டபம் கேட்டு வருகிறவர்களிடம் பெயர், முகவரி, என்ன விசேஷம், எத்தனை பேர், சைவச் சாப்பாடா மச்சமா என்று கேட்பேன். என்ன விசேஷம் என்ற கேள்விக்கு யாரும் லேசில் உண்மை சொல்ல மாட்டார்கள். கலியாணம் என்று வெளியே தெரிந்தால் யாராவது குழப்பிவிடுவார்கள் என்ற பயம். முப்பது வயதுப் பெண்ணுக்குப் பிறந்தநாளாம், அதற்கு மணவறை வைக்க இடம் இருக்கிறதா என்று கேட்பார்கள். நானும் முகத்தை வைத்துக்கொண்டு பிறந்தநாள் என்றே எழுதுவேன். இதற்கு மேல் இன்னொரு ஆளின் நம்பரும் கட்டாயம் வாங்குவேன். ஒருமுறை ஒருவர் மண்டபத் திறப்பைச் சட்டைப்பையில் போட்டபடி விமானம் ஏறிவிட்டார். அன்று படித்த பாடம்.

அந்தப் பெரியவர் வந்தது மகளின் கலியாணத்துக்கு. அவர் மட்டும் கலியாணம் என்றே நேராகச் சொன்னார். எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கை, வெங்காயமும் மரவள்ளியும் செய்கிற தோட்டக்காரர். அதிகம் கதைக்க மாட்டார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நானும் அண்ணை என்பேன். மாப்பிள்ளை சுவிஸிலிருந்து சொற்ப லீவில் வருகிறாராம், இந்த நாளை விட்டால் பிறகு ஒரு வருடத்துக்கு இல்லையாம். எல்லாம் சொல்லி முடித்தபின் ஒன்று கேட்டார். வாசல் படியில் பலகை போட்டுச் சக்கர நாற்காலி ஏற்ற விடுவேனா என்று. அவருடைய அம்மா வட்டுக்கோட்டையில் தங்கை வீட்டில் படுக்கையாக இருக்கிறார், பேத்தியின் தாலிகட்டை எப்படியும் காட்ட வேண்டும் என்றார். பலகை மட்டுமில்லை, ஆளும் பிடித்துத் தருகிறேன் என்றேன். இரண்டாவது நம்பராக அந்தத் தங்கையின் நம்பரைத் தந்தார்.

கலியாணத்தன்று வெள்ளனவே மண்டபத்தைத் திறந்து, சமையல்காரருக்குத் தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டு, சோடினைக்காரரோடு ஆணி அடிக்கக்கூடாத சுவரைப் பற்றி வழமையான சண்டையையும் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தத் தங்கை எனக்குப் போன் எடுத்தார். அதற்கு முன் அவருடன் ஒருமுறைதான் கதைத்திருந்தேன், நாற்காலியின் அகலம் பற்றி. பலகை விஷயம் என்று நினைத்து, எல்லாம் ஆயத்தம் என்றேன்.

“அம்மா மோசம் போயிட்டா, பிள்ளை,” என்றார். “நாங்கள் இன்னும் குழறி அழேல்லை. வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறம். படலையும் சாத்தியிருக்கு.”

அவர் அழாமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். அண்ணை ஒரே மகன், கொள்ளி வைக்க வேண்டியவர். தெரிந்தால் அவருக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. மணவறைக்குக் கிட்டவும் போக மாட்டார், கலியாணம் நின்றுவிடும். ஆகவே தாலி ஏறும்வரை ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது. அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால் தானும் வரவில்லை என்று அண்ணையிடம் நான் சொல்ல வேண்டும். தாலி ஏறியபின் ஆறுதலாக உண்மையைச் சொல்லி, அவரை வட்டுக்கோட்டைக்கு அனுப்ப வேண்டும்.

ஏன் என்னிடம் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டிருப்பேன். மண்டபத்தில் சொந்தக்காரர் இருநூறு பேர் வந்து இறங்கப்போகிறார்கள்.

“சொந்தக்காரர் எண்டால் முகத்திலை காட்டிப்போடுவினம். நீங்கள் வெளி ஆள். உங்களுக்கு அழுகை வராது,” என்றார்.

போனை வைத்துவிட்டு, மின்சார மீற்றர் இருக்கும் சின்ன அறைக்குள் போய் நின்றேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தப் பெண்ணின் மேல் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு மூச்சு இழுக்கிறது என்றால் வலையைக் கடலோடு விட்டுவிட்டும் ஓடி வருவார்கள். பங்குச் சுவாமியாரைக் கூட்டி வந்து கட்டிலைச் சுற்றி முழங்காலில் நிற்போம். இங்கே செய்தியைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, அந்தத் திறப்பையும் என்னிடமே தந்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தலாம் என்றால் அதுவும் முடியாது. மண்டபம் நடக்கும்போது நான் அங்கே நிற்க வேண்டும் என்பது நானே எழுதிய விதி.

துடக்கைப் பற்றி இந்த வேலையில் நான் படித்ததை ஒரு சைவப் பெண்கூட வீட்டில் படித்திருக்க மாட்டாள். செத்த வீட்டு அந்தியேட்டிச் சாப்பாடு நடந்த மண்டபத்தைக் கழுவித் துப்புரவாக்கி, ஐயரைக் கொண்டு தண்ணீர் தெளிப்பித்த பிறகுதான் கலியாணத்துக்குக் கொடுக்க வேண்டும். தாலிக்குப் பொன்னுருக்கிவிட்டால் துடக்கில்லை என்பார் ஒருவர், காப்புக் கட்டினால்தான் என்பார் இன்னொருவர். பத்துப் பேரைக் கேட்டால் பதினொரு சட்டம் வரும். ஆனால் பெற்ற தாய் செத்து, கொள்ளி வைக்க வேண்டிய மகன் என்றால் அந்தப் பதினொரு சட்டமும் ஒன்றையேதான் சொல்லும்.

அண்ணை பட்டு வேட்டி, சால்வையோடு வாசலில் நின்றார். போய்ச் சொன்னேன். அம்மாவுக்குக் காய்ச்சலாம், வர ஏலாதாம், உங்கள் தங்கச்சியும் நின்றுவிட்டாவாம் என்று. சொல்லும்போது அவருடைய தோளுக்கு மேலால் தெருவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை. காய்ச்சல் என்றால் வெளிக்கிடுத்தக்கூடாதுதான் என்றார். பிறகு, யாராவது தடுக்கி விழுவார்கள் என்று சொல்லி, படியில் போட்டிருந்த பலகையைத் தானே தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தார்.

அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் எனக்கு நிற்க இடமில்லாமல் போனது. முன்னால் நின்றால் அவர் முகம். பின்னால் போனால் அவருடைய மனைவி, குத்துவிளக்குக்குத் திரி இருக்கிறதா, ஐயருக்குக் கதிரை இருக்கிறதா என்று என்னையே தேடி வருவார். வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வான் வந்து நின்றபோது என் உயிர் போய் வந்தது. இறங்கியவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். அங்கே பூட்டிய படலை இன்னும் பூட்டியபடிதான் இருக்கிறது என்று விளங்கியது. ஒரு கிழவியின் உடம்பை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் இருக்கிற அந்த வீட்டை நினைத்தேன். பலகாரத் தட்டைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க முன்னர், தகப்பன் வழி முன்னோரின் பெயர்களைச் சொல்லும் இடம் வந்தது. ஐயர் ஒலிவாங்கியைத் தள்ளி வைக்காமலே அண்ணையிடம் விசாரித்தார். தகப்பனார் காலமாகிவிட்டார், சரி. தாயார் இருக்கிறாவோ?

மண்டபத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. கதைத்துக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

“ஓம் ஐயா. இருக்கிறா,” என்றார் அவர். மதிலுக்கு அப்பால் எங்கள் வீடுவரை கேட்டிருக்கும்.

பாவம், தெரியாமல் சொல்கிறாரே என்று நினைத்தேன். பிறகு கெட்டிமேளம் கொட்டினார்கள். தாலி ஏறியது. நானும் எல்லோரோடும் சேர்ந்து அறுகரிசியை எறிந்தேன். என் அரிசி முன்வரிசையில் இருந்த ஒருவரின் தலையில் விழுந்தது.

இனிச் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று பின்பக்கம் தண்ணீர்த் தாங்கியடியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே வந்தார். கால் கழுவ வருகிறார் என்று நினைத்தேன். குழாயைத் திறக்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மண்டபம் கேட்க வந்த அன்றைய அதே குரலில் கேட்டார்.

“தங்கச்சி, முப்பத்தொண்டுக்கு மண்டபம் இருக்குமோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.”

முப்பத்தொண்டு என்றால் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டி. உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை என்றார். விடியப்புறம் அம்மாவின் காலில் விழுந்துவிட்டு வருவோம் என்று வீட்டில் சொல்லாமல் மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறார். அம்மாவின் நித்திரை கலைந்துவிடும் என்று ஒழுங்கை முகப்பிலேயே இயந்திரத்தை நிறுத்தி, உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். படலையடிக்குப் போகும்போது உள்ளே தங்கை குழறிய சத்தம் கேட்டிருக்கிறது.

“படலையிலை கை வைச்சனான், தங்கச்சி. தள்ளேல்லை. உள்ளுக்குப் போய் முகத்தைப் பாத்தால் நான் துடக்குக்காரன். பிள்ளையை ஆர் தாரை வார்த்துக் குடுக்கிறது? ஒருத்தரும் இன்னும் எனக்குச் செய்தி சொல்லேல்லைத்தானே எண்டு நினைச்சுக்கொண்டு திரும்பீட்டன்.”

வராத செய்திக்குத் துடக்கில்லை என்று அவர் எனக்குச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டு நின்றார். ஐயருக்குச் சொன்ன பதில் அவருக்கு எப்படி வாயிலிருந்து வந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்தேன். நாள் இருக்கிறது, எழுதிவைக்கட்டுமா என்றேன். அந்தியேட்டி என்றால் இறந்தவரின் பெயரும் கேட்டு எழுதுவது வழமை.

இப்போது எழுத வேண்டாம், செய்தி வரட்டும் என்றார். அந்தச் செய்தியை நான்தான் கொண்டுவர வேண்டுமாம், மனைவிக்கும் மச்சான்மாருக்கும் முன்னால். தங்கைக்கு ஒருநாளும் தெரியக்கூடாது என்றும் சொன்னார். அண்ணனைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அவள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறாள், அந்த ஆறுதலாவது அவளுக்கு இருக்கட்டும் என்றார்.

அப்படியே செய்தேன். பத்துப் பேருக்கு நடுவில் போய், அண்ணை, வட்டுக்கோட்டையிலிருந்து இப்போதுதான் போன் எடுத்தார்கள் என்று தொடங்கினேன். முடிக்க முதல் அவர் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டார். முகத்தைச் சால்வையில் புதைத்துக்கொண்டு அழுதார். அதில் நடிப்பு எதுவும் இல்லை. விடியப்புறத்திலிருந்து அடக்கி வைத்த அழுகை. பக்கத்தில் நின்ற ஒருவர் என்னைத் தட்டி, நல்லகாலம் தாலி ஏறியபின் வந்தது செய்தி, கடவுள் இருக்கிறார் என்றார். இருக்கிறார் என்றேன்.

அந்தியேட்டியன்று கீரிமலைக்குப் போய்க் கிரியை முடித்து வந்து, மதியம் இதே மண்டபத்தில் சாப்பாடு. திறந்துவிட்டு வீட்டுக்கு நழுவப் பார்த்தேன். தங்கை வந்து கையைப் பிடித்து இழுத்து, தன் பக்கத்திலேயே இருத்திக்கொண்டார். நேரில் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். சின்ன உருவம், அண்ணையின் மூக்கு. நீங்கள் இல்லாவிட்டால் அந்தக் கலியாணம் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இலையைப் பார்த்தபடி ஓம் ஓம் என்றேன்.

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உங்களிட்டைத்தான் சொல்லலாம், பிள்ளை. முதல் இழுப்பு வரேக்கை நல்ல இருட்டு. முடிஞ்சுது எண்டு நினைச்சு நான் குழறிப்போட்டன். பிறகு பாத்தால் அம்மா கண்ணைத் திறந்திட்டா. நல்லா வெளிச்சம் வருமட்டும் இருந்தவ. தம்பி வந்திட்டானோ, தம்பி வந்திட்டானோ எண்டுதான் அண்ணையைக் கேட்டுக்கொண்டிருந்தவ.”

சோறு என் கையிலேயே நின்றுவிட்டது. அண்ணை படலையில் கை வைத்து நின்றபோது கேட்டது அந்த முதல் குழறல். அப்போது உள்ளே தாய் உயிரோடு இருந்திருக்கிறார். மகனைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். இவர் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்.

தங்கை தன்பாட்டில் கதைத்துக்கொண்டே போனார். அம்மா கடைசிவரை அண்ணையைத்தான் நினைத்தார், இதைச் சொன்னால் அண்ணைக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும், கலியாண அலுப்பும் செத்த வீட்டு அலுப்பும் தீரட்டும் என்று பொறுத்திருந்தேன், இன்றைக்குச் சொல்லப் போகிறேன் என்றார்.

“சொல்லாதேங்கோ அக்கா,” என்றேன்.

அவர் கண் விரிந்தது. ஏன் என்றார். என்னிடம் சொல்லக்கூடிய காரணம் ஒன்றுமே இல்லை. சொல்லக்கூடாத காரணம் தொண்டைவரை நின்றது. அதைச் சொன்னால் அண்ணைக்குக் கொடுத்த வாக்குப் போகும், இந்தப் பெண்ணின் நெஞ்சும் போகும். தன்னுடைய குழறல்தான் அண்ணையைத் திருப்பி அனுப்பியது என்று தெரிந்தபின் இவர் எப்படி நித்திரை கொள்வார்? வேண்டாம் அக்கா, கவலைதான் கூடும், வேண்டாம் என்று வேறு வழியில்லாமல் அதையே சொன்னேன். அவர் என்னை விளங்காமல் பார்த்தார்.

அதே நேரம் அண்ணை பாயச வாளியோடு எங்கள் பந்திக்கு வந்தார். மொட்டை அடித்த தலை, ஒரு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். தங்கைக்கு முன்னால் வந்ததும் குனிந்து ஊற்றாமல் நின்றார்.

“அம்மா கடைசியா ஏதும் கேட்டவவோ?” என்றார்.

தங்கை என்னைப் பார்த்தார். நான் தலையை அசைக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை.

“இல்லை அண்ணை. நித்திரையிலேயே போட்டா.”

“நித்திரையிலையோ. அப்ப சரி,” என்றார் அவர். தோள் கொஞ்சம் இறங்கியது. தங்கைக்கு ஊற்றினார், எனக்கு ஊற்றினார், அடுத்த இலைக்குப் போனார்.

தங்கை அதன்பின் சாப்பிடவில்லை. இலையை மடித்துவிட்டு எழும்பும்போது, யாருக்கும் கேட்காமல் என்னிடம் சொன்னார்.

“தாய் தன்னைக் கேட்டவ எண்டதையும் அண்ணை அறிய விடாமல் பண்ணிப்போட்டியள். உங்களுக்கு இரும்பு மனம், பிள்ளை.”

அவர் கை கழுவப் போகும்வரை நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மண்டபத்தின் அந்தக் கரையிலிருந்து அண்ணை, அடுத்த பந்திக்கு இருக்கிற கதிரை காணுமோ, இன்னும் எடுக்க வேணுமோ என்று என்னைக் கேட்டார். காணும் என்றேன்.